உயிரணுவின் கைகாட்டி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



மெட்ரிகுலேஷன் அளவே படித்த ரயில்வே குமாஸ்தா, விஞ்ஞானம் பேசத் துணிந்தது ஏன் என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் உள்ள வெற்றிலைப் பெட்டியே காரணம்.

வாயின் உட்புறத் தோல் நாள்தோறும் தேய்கிறது. புதிய உயிரணுக்கள் அவ்விடத்தை நிரப்புகின்றன. ஆயினும் அவை மனம்போனபடி பெருகுவதில்லை. கைகாட்டி இறங்கினாலன்றி வண்டி நகராதது போல, ஆணை வந்தாலன்றி உயிரணு பிரிவதில்லை.

அத்தகைய ஆணை ஒன்றைக் கண்டறிந்தவர் அமெரிக்க அறிஞர் ஸ்டான்லி கோஹன். சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து அவர் பிரித்தெடுத்த புரதம், எலிக்குஞ்சுகளின் இமைகளை உரிய நாளுக்கு முன்பே திறக்கச் செய்தது. 1962இல் இதனை வெளியிட்ட அவர், 1986இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். 53 அமினோ அமிலங்கள் கோத்த அப்புரதமே ஆணை. அதனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிப் புரதத்தின் பெயர் ஈ.ஜி.எப்.ஆர். அதனை ஆக்கும் மரபணு நமது ஏழாவது குரோமோசோமில் உள்ளது.

இவ்வேற்பி உயிரணுவின் சவ்வில் பாதி வெளியிலும் பாதி உள்ளிலுமாக நிற்கிறது. ஆணை வந்து பொருந்தியதும் இரண்டு ஏற்பிகள் இணைகின்றன, உட்பகுதியில் பாஸ்பேட் முத்திரை விழுகிறது, முத்திரை கண்ட புரதம் அடுத்ததை எழுப்ப, செய்தி கைமாறி உட்கருவை அடைகிறது, உயிரணு பிரிகிறது. பணி முடிந்ததும் ஏற்பி உள்ளிழுக்கப்படுகிறது. கைகாட்டி மீண்டும் உயர்கிறது.

புகையிலையின் நஞ்சு ஆண்டுக்கணக்கில் மரபணுக்களைச் சிதைக்கிறது. வாய்ப்புற்று பலவற்றில் இவ்வேற்பி அளவுக்கு மீறிக் காணப்படுகிறது. இறங்கிய கைகாட்டி ஏறாமல் நின்றால் என்ன நேருமென்று ரயில்வே குடும்பத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்துள்ளது.

ஏற்பியின் வாயை அடைக்கும் மருந்தும் உண்டு. கியூபா நாட்டில் உருவான நிமோட்டுஸுமாப் என்னும் மருந்தை, நம் பெங்களூருவின் பயோகான் நிறுவனம் 2006இல் இந்தியாவில் வெளியிட்டது. நமக்குப் பெருமைதான். ஆயினும் அது கதிர்வீச்சுக்கும் பிற மருந்துகளுக்கும் துணை நிற்பதேயன்றி, நோயைத் தனியே வேரறுப்பதன்று.

ஆகவே இரண்டு வேண்டுகோள். வாயில் ஆறாத புண்ணோ வெண்திட்டோ மூன்று வாரம் நீடித்தால், நாணாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்; நம் நகரில் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அடுத்த ஆண்டு விழாவின் தாம்பூலப் பையில் தேங்காயும் பழமும் மஞ்சளும் இருக்கட்டும், பாக்கு வேண்டாம். மரபு குறையாது; மக்கள் குறையாதிருப்பர்.