பிறப்பால் வருவதன்று தாளம்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

மாணவர்களுக்குப் பயன்படும் ஒரு பொருளைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எனக்கு எழுதியிருந்தார்கள். தேர்வுகளைப் பற்றியோ வேலைவாய்ப்பைப் பற்றியோ நான் பேசுவேன் என நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நானோ ஒரு முழவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது மேற்கு ஆப்பிரிக்க மக்களின் கைமுழவு. ஜெம்பே என்பது அதன் பெயர். பணியின் பொருட்டுப் பாரிஸ் நகரில் நான் மூன்றாண்டுகள் வாழ்ந்தபோது, கினி நாட்டிலிருந்து வந்த ஓர் ஆசிரியரிடம், 40 வயதைக் கடந்த நிலையில், ஒன்றுமறியாத மாணவனாக அதைக் கற்கத் தொடங்கினேன். நான் அக்கலையில் வல்லவன் அல்லன். தொடக்க மாணவன் ஒருவன் பெற்ற பட்டறிவை மட்டுமே உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். கினி, மாலி ஆகிய நாடுகளில் வாழும் மாண்டே மொழி பேசும் மக்களிடையே ஜெம்பே தோன்றியது. ஒரே மரத்துண்டைக் குடைந்து, மேலே அகன்ற கிண்ணம் போலவும் கீழே குறுகிய குழாய் போலவும் செதுக்குகிறார்கள். ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயரமும், 30 முதல் 38 சென்டிமீட்டர் வரை முகவிட்டமும் உடையது. ஆட்டுத்தோலைப் போர்த்தி, இரும்பு வளையங்களும் கயிறுகளும் கொண்டு இழுத்துக் கட்டுகிறார்கள். கோல் இன்றி வெறுங்கையால் இசைக்கிறார்கள். ஜெம்பே வாசிப்பவரை 'ஜெம்பேபோலா' என்பர். ஜெம்பேயைப் பேச வைப்பவர் என்பது அதன் பொருள்.

இதனைச் செய்தவர் யார் என்பது நம்மவர் கருத்தூன்றிக் கேட்கவேண்டிய செய்தியாகும். மாண்டே சமுதாயத்தில் நுமு எனப்படும் கொல்லர் மரபினர் உண்டு. இரும்பு வேலையும் மர வேலையும் அவர்களுடையன. ஜெம்பேயைச் செதுக்கியவர்களும் அவர்களே. வரலாறு பாடும் ஜெலி மரபினரும், தோல் வேலை செய்யும் கராங்கே மரபினரும் தனித்தனியே உள்ளனர். இம்மரபினர் பெரும்பாலும் தத்தமக்குள்ளேயே மணம் செய்து வந்தனர். மற்றவர்கள் இவர்களை அஞ்சவும் செய்தனர், ஒதுக்கவும் செய்தனர். முற்காலத்தில் அங்கே அடிமை முறையும் இருந்தது. ஆகவே ஆப்பிரிக்கச் சமுதாயத்தில் ஏற்றத்தாழ்வே இல்லை என்று கூறி உங்களை மகிழ்விக்க நான் விரும்பவில்லை.

ஆயினும் ஓர் உண்மை என்னை வியப்பில் ஆழ்த்தியது. கோரா என்னும் நரம்புக் கருவியும் பாலபோன் என்னும் மரக்கட்டைக் கருவியும் ஜெலி மரபினர்க்கே உரியனவாகக் கருதப்பட்டு வந்தன. ஜெம்பேயை வாசிப்பதற்கோ அத்தகைய பிறப்புரிமை இல்லை. ஆர்வமும் உழைப்பும் உடைய எவரும் ஆசிரியரை அடுத்துக் கற்கலாம். செய்தவன் கையில் ஒரு மரபு இருந்தது. வாசிப்பவன் கைக்கோ பயிற்சி ஒன்றே தகுதியாயிற்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் உரையின் இறுதியில் மீண்டும் இதனிடமே வருவேன்.

இனி நான் கற்ற பாடங்கள். முதற்பாடம் கையைப் பற்றியது. ஜெம்பேயில் அடிப்படை ஒலிகள் மூன்று. உள்ளங்கை முழுவதும் தோலின் நடுப்பக்கமாக விழுந்து உடனே எழுந்தால் ஆழ்ந்த ஒலி பிறக்கும். விரல்களைச் சேர்த்து விளிம்பின் அருகே தட்டினால் திறந்த, உருண்டையான ஒலி பிறக்கும். அதே இடத்தில் விரல்களைத் தளர்த்தி, நுனிகள் சுண்டி விழுமாறு தட்டினால் கூரிய ஒலி பிறக்கும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. முதல் மாதம் முழுவதும் என் கையிலிருந்து மூன்றும் ஒன்றாகவே ஒலித்தன! வலிமையாக அடித்தால் கூரிய ஒலி வந்துவிடும் என்று எண்ணி அடித்தேன். விரல்கள் வீங்கின, ஒலி வரவில்லை. ஆசிரியர் என் தோள்மீது கைவைத்து, "நீ தோலோடு சண்டையிடுகிறாய், தோளைத் தளர்த்து" என்றார். கூரிய ஒலி வலிமையால் பிறப்பதன்று. கை விழும் வடிவத்தால் பிறப்பது. மோதிரத்தைக் கழற்றிவிட்டு அமர்தல், இடக்கையையும் வலக்கைக்கு நிகராகப் பழக்குதல், மெதுவாகத் தொடங்கி ஒலி தெளிந்த பின்னரே விரைவைக் கூட்டுதல் ஆகிய மூன்றும் தொடக்க மாணவன் கைக்கொள்ளவேண்டிய ஒழுக்கங்கள்.

இரண்டாம் பாடம் சிறிய பங்கின் பெருமையைப் பற்றியது. இம்மரபில் ஜெம்பே தனித்து ஒலிப்பதில்லை. கினியின் மாலிங்கே மக்களிடையே அதனுடன் மூன்று உருளை முழவுகள் சேர்கின்றன. பெரியது துனுன்பா, நடுத்தரமானது சங்பான், சிறியது கென்கெனி. இவற்றின் இருமுகத்திலும் மாட்டுத்தோல் போர்த்தியிருக்கும். ஒரு கையால் கோல்கொண்டு தோலை அடித்து, மறுகையால் பக்கத்தில் கட்டியுள்ள இரும்பு மணியைத் தட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடைவு உண்டு. அவை அனைத்தும் பின்னிச் சேரும்போதுதான் தாளம் என்னும் முழுமை தோன்றுகிறது. தலைமை ஜெம்பே ஒரு குறிப்படி கொடுத்தால் அனைவரும் தொடங்குவர். மீண்டும் கொடுத்தால் அனைவரும் ஒருங்கே நிறுத்துவர்.

புதிய மாணவனுக்கு எப்பங்கு கிடைக்கும்? துணை ஜெம்பேயின் ஒரு சிறு சுற்று. அதையே நிறுத்தாமல், மாற்றாமல், விரைவு கூடாமல், குறையாமல் வாசிக்கவேண்டும். பல வாரங்கள் எனக்கு அதுவே பாடம். தலைமை வாசிப்பாளரின் வித்தைகளைக் கேட்டுக்கேட்டு, நானும் ஒருநாள் இடையில் இரண்டு அடிகளைச் சேர்த்துப் பார்த்தேன். ஆசிரியர் அனைவரையும் நிறுத்தினார். "உன் பங்கை நம்பித்தான் அவர் அங்கே பறக்கிறார், நீ நகர்ந்தால் அவர் விழுந்துவிடுவார்" என்றார். அன்று நான் நாணினேன். அணிவகுப்பில் முன்வரிசைக்கு விரையும் நம் இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். இக்கழகம் 25 ஆண்டுகள் நின்றது மேடையில் பேசிய என் போன்றோரால் அன்று. நாள்தோறும் மாலையில் விளக்கேற்றிப் பள்ளியைத் திறந்துவைத்தவர்களால் நின்றது.

மூன்றாம் பாடம் செவியைப் பற்றியது. இத்தாளங்களில் ஓர் அடியை நான்காகப் பகுப்பனவும் உண்டு. மூன்றாகப் பகுப்பனவும் உண்டு. ஒரே நேரத்தில் ஒரு கருவி இரண்டிரண்டாகவும் மற்றொன்று மும்மூன்றாகவும் செல்வதுண்டு. இதற்குச் சிறு பயிற்சி ஒன்று சொல்கிறேன். இருந்த இடத்திலேயே செய்து பாருங்கள். ஒன்று முதல் ஆறு வரை ஒரே சீராக எண்ணுங்கள். ஒன்றிலும் நான்கிலும் காலைத் தட்டுங்கள். ஒன்று, மூன்று, ஐந்து ஆகியவற்றில் கையைத் தட்டுங்கள். தொடக்கத்தில் கால் கையைப் பின்பற்றிச் சென்றுவிடும். பொறுமையாகச் செய்தால், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் ஒரே காலத்தில் செல்வதை உணர்வீர்கள்.

எழுத்தால் கற்க இயலாத நுட்பமும் ஒன்று உண்டு. மாலியின் தலைநகராகிய பாமாகோவில் ஜெம்பே இசையை நுட்பமாக அளந்து ஆராய்ந்த இசையியலாளர் ரைனர் போலாக், ஓர் அடியின் உட்பகுதிகள் பல தாளங்களில் சம நீளமுடையன அல்ல என்று காட்டியிருக்கிறார். ஒன்று சற்றுக் குறுகும். மற்றொன்று சற்று நீளும். இக்குறுக்கமும் நீட்டமும் பிழையல்ல, அத்தாளத்தின் முகச்சாயல். ஆகவேதான் ஆசிரியர் முதலில் வாயால் சொல்லச் சொன்னார்; பிறகு கால் பெயர்த்து நடக்கச் சொன்னார்; அதன் பிறகே கையைத் தோலில் வைக்கவிட்டார்.

நான்காம் பாடம் பெயரைப் பற்றியது. ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு பெயர், ஒரு மக்கள், ஒரு வேளை உண்டு. காசா என்பது வயலில் உழைப்போர்க்கு ஊக்கமூட்டும் தாளம். சோலி என்பது சிறுவர் பெரியவராகும் சடங்குக்குரியது. துனுன்பா என்பது அம்முழவின் பெயரே கொண்ட, வலிமையுடைய ஆடவரின் ஆட்டம். குக்கு என்பது மீன்பிடித்துத் திரும்பும் பெண்களின் ஆட்டமாகத் தொடங்கி, இன்று எல்லா விழாக்களிலும் ஒலிக்கிறது. யாருடையது, எங்கிருந்து வந்தது, எதற்காக வாசிப்பது என்று சொல்லத் தெரியாதவனுக்கு எங்கள் ஆசிரியர் அடுத்த தாளத்தைக் கற்பிக்கமாட்டார். அடி மட்டும் தெரிந்தவன் கைவேலை கற்றவன். பெயரும் தெரிந்தவனே கல்வி கற்றவன் என்பது அவர் கொள்கை.

அன்பர்களே! முழவு வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதை ஆதிக்கம் செலுத்தியோர் நன்கு அறிந்திருந்தனர். 1739-ஆம் ஆண்டு வட அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில், ஆப்பிரிக்க அடிமைகள் முழவு முழக்கிக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, 1740-இல், இயற்றிய சட்டம் அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைக் குற்றமாக்கியது. அவர்கள் முழவும் கொம்பும் வைத்திருப்பதையும் தடுத்தது. எழுத்தும் முழவும் ஒரே சட்டத்தில் தடுக்கப்பட்டன என்பதைக் கல்விக் கழகத்தின் மேடையில் நின்று நான் சொல்லாமல் வேறெங்குச் சொல்வேன்?

இதற்கு மாறான காட்சியையும் காணுங்கள். 1950-களின் தொடக்கத்தில் ஃபொதேபா கெய்த்தா என்னும் கினி நாட்டுக் கவிஞர் பாரிஸ் நகரில் ஒரு கலைக்குழுவை அமைத்தார். 1958-இல் கினி விடுதலை பெற்றபின் அது அந்நாட்டின் தேசியக் கலைக்குழுவாயிற்று. சிற்றூர் முழவு உலக மேடைகளில் ஏறியது. 1940-இல் பிறந்த ஃபமுது கொனாத்தே அக்குழுவின் தலைமை வாசிப்பாளராக விளங்கினார். பலாந்துகு என்னும் சிற்றூரில் 1950-இல் பிறந்த மமாதி கெய்த்தா, 1964-இல் மற்றொரு தேசியக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் 1991-இல் பிரஸ்ஸல்ஸில் பள்ளி நிறுவினார். 2021-இல் மறையும் வரை பல நாட்டு மாணவர்களுக்குக் கற்பித்தார். அவரிடம் கற்றவர்கள் கட்டணம் செலுத்தி, வணக்கம் சொல்லி, மாணவராக அமர்ந்தார்கள். இம்மரியாதையை நன்கு கவனியுங்கள்.

இறுதியாக, என் சொந்த வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் என்னிடம், "உங்கள் ஊரில் தோல்முழவு உண்டா?" என்று கேட்டார். நான், "இல்லை" என்றேன்.

என் பாட்டனார் பறை அடித்தவர். நள்ளிரவில் சாவுச் செய்தி வந்தாலும் எழுந்து போகவேண்டும். மறுத்தால் ஊரில் வாழ இயலாது. கூலி என்பது அவர்கள் மனம் வைத்துக் கொடுப்பது. என் தந்தையார் அப்பறையைப் பரணில் ஏற்றிவிட்டு, என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். "இதைத் தொட்டால் உன் கையை ஒடிப்பேன்" என்றார். அவர் செய்தது சரி. அவர் வெறுத்தது தோலை அன்று, கட்டாயத்தை. அந்த உறுதி இல்லையேல் நான் பாரிஸ் நகரைப் படத்தில்கூடக் கண்டிருக்கமாட்டேன். ஆயினும் அன்று நான் சொன்ன "இல்லை" என்னும் சொல் என்னை உறங்கவிடவில்லை. பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வகுத்தது தொல்காப்பியம். அக்கருவியை நான் ஒரு பொய்யால் அழித்துவிட்டு, கடல் கடந்த முழவைப் பயின்றுகொண்டிருந்தேன்!

அடுத்த வாரம் ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "உன் பாட்டனாருக்கு எத்தனை அடைவு தெரியும்? அவற்றின் பெயர் என்ன?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கேட்டறியப் பாட்டனாரும் உயிரோடில்லை.

தம்பி தங்கையரே! "பறை உங்கள் இரத்தத்திலேயே ஊறியது" என்று சிலர் புகழ்வார்கள். அப்புகழ்ச்சியில் ஏமாறாதீர்கள். இரத்தத்தில் ஊறியது எனில் கற்கவேண்டியதில்லை. கற்றவர்க்குரிய மதிப்பையும் தரவேண்டியதில்லை. பிறந்ததனாலேயே அடிக்கக் கடமைப்பட்டவர் என்றும் ஆகிவிடும். என் பாட்டனார் பல்லாண்டு பயின்று கற்றவர். அவரை ஒருவரும் கற்றவர் என்று சொல்லவில்லை. அதுவே அவருக்கு இழைத்த பெருங்கொடுமை.

ஆகவே, கட்டாயத்தின்பேரில் எவர் அழைத்தாலும் மறுத்து நில்லுங்கள். விரும்பிக் கற்பீராயின், எம்மக்களின் எந்தக் கருவியாயினும் மாணவராக அமர்ந்து, பெயரும் வரலாறும் அறிந்து, முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். எதையும் விரும்பாவிடினும், உங்கள் வீட்டு முதியவர் உயிரோடிருக்கும்போதே, அவர் அறிந்த அடைவுகளின் பெயர்களைக் கேட்டு ஒரு சுவடியில் எழுதி வையுங்கள். நான் தவறவிட்டதை நீங்கள் தவறவிடாதீர்கள்.