சயாம் ரயிலுக்குப் போனவர் கணக்கு
(செமோரில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச வந்தது சம்பள விஷயம் அல்ல. சயாம் ரயிலுக்குப் போய் வராதவர்களின் கணக்கு.

1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் போனார்கள். நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியும் கொண்டுபோனான்; லாரியில் பிடித்துப் போட்டும் கொண்டுபோனான். காலராவில் செத்த நம்மவர் எத்தனை பேர் என்பதற்கு இன்றுவரை ஒரே எண் கிடையாது. போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு, உயிரோடிருந்த தன் கைதிகளுக்கு ஆளுக்கு 10,000 பவுன் அறிவித்தது.

நம் பக்கம்? 1967இல் ஜப்பான் மலேசியாவுக்கு இரண்டரைக் கோடி வெள்ளி தந்தது, அதுவும் கப்பலாக! விவகாரம் தீர்ந்தது என்று கையெழுத்தாயிற்று. அந்தக் கப்பலிலிருந்து லயத்துக்கு ஒரு காசு இறங்கவில்லை. 1833இல் அடிமை முறையை ஒழித்த பிரிட்டன் எஜமானர்களுக்குத்தானே இரண்டு கோடி பவுன் கொடுத்தது!

அரசுகள் கைகுலுக்கிவிட்டால் கம்பெனி தப்பிவிடுமா? தப்பாது என்றது தென்கொரிய உச்ச நீதிமன்றம். யுத்த காலத்தில் கட்டாய வேலை வாங்கிய நிப்பான் ஸ்டீல் கம்பெனி நால்வருக்கு ஆளுக்குப் பத்துக் கோடி வோன் தரவேண்டும் என்று 2018 அக்டோபரில் தீர்ப்பளித்தது. 1965ஆம் ஆண்டு உடன்படிக்கை அதற்குத் தடையாகவில்லை. நால்வரில் தீர்ப்பைக் கேட்க உயிரோடிருந்தவர் ஒருவரே.

கோர்ட்டில் முதலில் கேட்பது பெயர், ஊர், தேதி. நமக்கு அவை செக்ரோலில் இருந்தன. பிரட்டில் பெயர் கூப்பிட்டு, ஆளில்லை என்று குறித்தது கிராணியின் கை. சயாமுக்கு ஆள் பட்டியல் எழுதியதிலும் எங்கள் தொழிலில் இருந்தவர்களின் கை உண்டு. அதை மறைத்துப் பேச எங்களுக்கு மனமில்லை.

திரும்பி வந்த வெள்ளைக் கம்பெனிகள்தாம் ஆளை அனுப்பின என்று நாம் சொல்லவில்லை. அன்று ஆண்டவன் ஜப்பான்காரன். ஆனால் தோட்டத்தோடு பழைய புத்தகமும் அவர்கள் கைக்குத்தானே வந்தது? தோட்டம் கை மாறும்போது அவற்றை எரிக்கவோ கறையானுக்கு விடவோ கூடாது. மிஞ்சிய ஒவ்வொரு புத்தகத்தையும் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். இதுவே கம்பெனிகளிடம் நமது முதல் கோரிக்கை. பணம் கேட்பது அதன் பிறகு.

கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்போம். உங்கள் குடும்பத்தில் வராமற்போனவர் பெயர், தோட்டத்தின் பெயர் சொல்லுங்கள். வீட்டில் கூப்பிட்ட பெயர் மட்டும் தெரிந்தாலும் எழுதிக்கொள்வோம்.