பிறந்தவர் எத்தனை, இருப்பவர் எத்தனை?



குடிக்கணக்கு எடுக்கும் வேலை நம் நாட்டில் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களிடமே வந்து சேரும். அவ்வகையில் 1991, 2001, 2011 ஆகிய மூன்று முறையும் படிவக் கட்டைச் சுமந்துகொண்டு திருவையாற்றின் தெருக்களில் வீடு வீடாகச் சென்றவன் நான். பெயர், வயது, கல்வி, தொழில் என்று கேட்க வேண்டியவை பல. அவற்றுள் மணமான பெண்களிடம் மட்டும் கேட்பதற்கு இரண்டு கேள்விகள் உண்டு. உயிருடன் பிறந்த குழந்தைகள் எத்தனை? அவர்களுள் இப்போது இருப்பவர் எத்தனை? அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க முதல் நாள் எனக்கு நா எழவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

1991-ல் ஒரு வீட்டின் திண்ணையில் எழுபது வயதை எட்டிய மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். கேள்வியைக் கேட்டதும் விரல்களை மடக்கி எண்ணினார். “பெத்தது ஒம்பது தம்பி. தங்கினது நாலு” என்றார். அழவில்லை, பெருமூச்சும் விடவில்லை. நெல் மூட்டைக் கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னார். 9 என்றும் 4 என்றும் எழுதிக்கொண்டேன். இருபது ஆண்டுகள் கழித்து, 2011-ல், அதே வீட்டில் அவருடைய பேரனின் மனைவியிடம் அதே கேள்விகளைக் கேட்டேன். “ரெண்டு சார்” என்றார். அடுத்த கேள்விக்கும், “ரெண்டுதான் சார்” என்றார். கேட்டதையே ஏன் இருமுறை கேட்கிறார் என்ற வியப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

ஒன்பதும் நான்கும் எப்படி இரண்டும் இரண்டும் ஆயின? அதனால் விளைந்தது என்ன? இனி விளையப்போவது என்ன? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

மக்கள் தொகை எப்போதும் பெருகிக்கொண்டே வந்தது என்று நீங்கள் எண்ணக்கூடும். அவ்வாறன்று. பிறப்பும் மிகுதி, இறப்பும் மிகுதி; ஆதலால் தொகை நெடுங்காலம் ஏறியும் இறங்கியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றது. நம் தஞ்சைத் தரணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1781-ல் ஐதர் அலியின் படைகள் இங்கே புகுந்தபோது நீர்ப்பாசனம் சீர்குலைந்தது, விளைச்சல் வீழ்ந்தது, ஊர்கள் பாழாயின. அந்த இழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் ஆயின. மாறாக, 1876 முதல் 1878 வரை நேர்ந்த தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் மாண்டபோது, காவிரிப் பாசனம் இம்மாவட்டத்தை ஓரளவு காத்தது. 1871-ஆம் ஆண்டுக் கணக்கையும் 1881-ஆம் ஆண்டுக் கணக்கையும் ஒப்பிட்டால் மாகாணத்தின் தொகை குறைந்திருக்கும். தஞ்சை மாவட்டத்தின் தொகையோ ஏறக்குறைய 19.7 லட்சத்திலிருந்து 21.3 லட்சமாக உயர்ந்திருக்கும். ஆனால் நீர் காத்த இம்மக்களுக்கெல்லாம் நிலம் இருந்ததா? இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். இலங்கைக்கும் பர்மாவுக்கும் சென்றவர்களும் பலர். 1891 முதல் 1901 வரையுள்ள பத்தாண்டுகளில் இம்மாவட்டத்தின் தொகை நூற்றுக்கு ஒன்றுகூட உயரவில்லை. கூலிக்கு ஆட்களை வெளியே அனுப்பிய நாடு இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்தியா முழுமைக்கும் வருவோம். 1911-ல் 25.2 கோடியாக இருந்த தொகை 1921-ல் 25.1 கோடியாகக் குறைந்தது. காரணம், 1918-ல் பரவிய நச்சுக் காய்ச்சல். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதில் இறந்தனர். 1921-க்குப் பிறகு எந்தக் கணக்கிலும் தொகை இறங்கியதில்லை. 1951-ல் 36 கோடி, 1981-ல் 68 கோடி, 2011-ல் 121 கோடி.

இவ்வளவு வேகமாக ஏறியதற்குக் காரணம் பெண்கள் முன்னிலும் மிகுதியாகப் பெற்றது என்று கருதுவது பெரும்பிழை. பெற்றது பழைய அளவே. பிறந்தவர்கள் பிழைக்கத் தொடங்கினார்கள், அவ்வளவுதான். அம்மை குத்துதலும், மலேரியா ஒழிப்பும், நல்ல தண்ணீரும், பஞ்ச காலத்தில் தானியத்தை ரயிலில் கொண்டுவந்து சேர்க்கும் வசதியும் இறப்பைக் குறைத்தன. விடுதலை பெற்ற நாளில் இந்தியனின் சராசரி ஆயுள் 32 ஆண்டு அளவில் இருந்தது, இன்று 70. ஒன்பதில் நான்கு தங்கிய இடத்தில், ஒன்பதில் எட்டுத் தங்கினால் என்னாகும்? மக்கட்பெருக்கம் என்று நாம் அஞ்சியது உண்மையில் குழந்தைகள் சாகாமல் இருந்ததையே என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. சில ஆசிரிய நண்பர்களுக்கு இது பிடிக்காது.

அஞ்சியவர்கள் பலர். உணவைவிட மக்கள் வேகமாகப் பெருகுவர் என்று 1798-ல் எழுதிய மால்தஸ் என்ற ஆங்கிலேயர், 1805 முதல் தம் வாழ்நாள் இறுதிவரை கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். நம் மாவட்டங்களை ஆள வந்த துரைமார்களுள் பலர் அங்கே பயின்றவர்களே. பிற்காலத்தில், 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் தலைவராயிருந்த ஆர். ஏ. கோபாலசுவாமி, மூன்று குழந்தைகளுக்குமேல் பெறுவதை முன்யோசனையற்ற தாய்மை என்று தம் அறிக்கையில் குறித்தார். 1952-ல், உலகிலேயே முதல் நாடாக, இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் திட்டமாக ஏற்றது. சென்னை மாநிலம் அதில் முன்னணியில் நின்றது. இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கர்ப்பத்தடையைப் பற்றிப் பெரியார் தம் ‘குடி அரசு’ இதழில் வெளிப்படையாக எழுதிவந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். நாட்டின் வறுமைக்காக மட்டுமன்று, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்பது அவர் வாதம்.

நான் சிறுவனாயிருந்தபோது சுவர்தோறும் சிவப்பு முக்கோணம் வரைந்திருக்கும். நெருக்கடி நிலையின்போது, 1976–77 ஆகிய ஓராண்டில் மட்டும், நாடெங்கும் 80 லட்சத்திற்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. வடநாட்டில் பல இடங்களில் இது வற்புறுத்தலாகவே நடந்தது. விளைவு, அத்திட்டத்தின் பெயரையே மக்கள் வெறுத்தனர். தமிழ்நாட்டில் குழந்தைப் பேறு குறைந்தது அவ்வழியில் அன்று. 1971-ல் இங்கே பிறந்த 1000 குழந்தைகளுள் 113 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். 2020-ல் அவ்வெண் 13. பெற்ற குழந்தை தங்கும் என்ற உறுதி ஏற்பட்ட பின் ஒன்பது எதற்கு? அத்துடன் பெண் குழந்தை பள்ளியில் நிலைத்தாள். 1956-ல் காமராசர் காலத்தில் தொடங்கிய மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் இதற்கு எவ்வளவு துணை செய்தன என்று அறிஞர்கள் அளந்து பார்க்கட்டும். ஒரு வேளைச் சோற்றுக்காகப் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மாரை நான் நேரில் அறிவேன். பத்தாம் வகுப்பு வரை படித்த பெண்ணுக்குப் பதினைந்து வயதில் திருமணம் முடிக்க இயலாது. அது ஒன்றே எத்தனையோ சுவர் விளம்பரங்களுக்கு ஈடாகும்.

இனிக் கணக்குக்கு வருவோம். தாயும் தந்தையுமாகிய இருவர் இருந்த இடத்தை இரு குழந்தைகள் நிரப்ப வேண்டும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் சற்று மிகுதியாகப் பிறப்பதாலும், தாயாகும் வயதுக்குமுன் சிலர் இறப்பதாலும், ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.1 குழந்தை என்பது ஈடுசெய்யும் அளவு எனப்படும். 2020-ல் இந்தியாவின் சராசரி 2.0, பீகாரில் 3.0, தமிழ்நாட்டில் 1.4. ஈட்டளவுக்குக் கீழே இறங்கிய பின்னும் இந்தியாவின் தொகை ஏறிக்கொண்டே இருக்கிறது. 2023 ஏப்ரலில் அது சீனத்தையும் மிஞ்சிவிட்டது என்று ஐக்கிய நாடுகள் சபை கணித்தது. இது எப்படி என்று மாணவர்கள் திகைப்பது இயல்பே.

நம் காவிரியைப் பாருங்கள். வழக்கப்படி சனவரி 28-ல் மேட்டூர் அணையின் மதகை மூடுகிறார்கள். அன்றே புஷ்ய மண்டபத் துறையில் நீர் வற்றிவிடுகிறதா? இல்லை. மேட்டூரில் விட்ட நீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று நான்கு நாள் ஆகும். மூடுவதற்குமுன் விட்ட நீர் ஆற்றின் வழியில் இருக்கிறது. அது வந்தே தீரும். அதுபோல, பிறப்பு மிகுந்திருந்த காலத்தில் பிறந்த பெண்கள் பெருந்தொகையினராக இன்று தாய்மை வயதில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் இருவரையே பெற்றாலும் பிறப்பின் மொத்தம் இறப்பை மிஞ்சும். இந்த நீர் ஓடி முடிய ஒரு தலைமுறைக்குமேல் ஆகும். ஐக்கிய நாடுகள் சபையின் 2024-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியா 2060-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 170 கோடி என்ற உச்சத்தை அடைந்து, அதன் பிறகு குறைந்து, 2100-ல் 150 கோடி அளவில் நிற்கும். இன்று பதினேழு வயதான மாணவன் அந்த உச்சத்தைக் காணும்போது ஐம்பதைக் கடந்திருப்பான்.

இதன் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. சூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால் அன்றே கடைமடைக்கு நீர் வருமா? காய்ந்த ஆற்று மணலும் வறண்ட வாய்க்கால்களும் குடித்த பிறகே வரும். தொகை குறைவதும் அப்படித்தான். இன்று 1000 பெண்கள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்கு 1.4 குழந்தை என்றால் அடுத்த தலைமுறையில் பெண்கள் ஏறக்குறைய 670 பேர். அதற்கடுத்து 450 பேர். அப்போது மனம் மாறி ஒவ்வொருவரும் இரண்டு பெற்றாலும், பெறுபவர் தொகையே பாதிக்கும் கீழ் வந்துவிட்டதே! தென் கொரியாவில் 2023-ல் சராசரி 0.72 வரை இறங்கியது. அரசு பெரும்பணம் செலவிட்டும் பழைய அளவு திரும்பவில்லை. சீனத்தில் ஒரு குழந்தைச் சட்டத்தை 2015-ல் கைவிட்டார்கள். 2022 முதல் அந்நாட்டின் தொகை குறைந்துவருகிறது. பதினாறும் பெற்று வாழ்க என்று வாழ்த்தும் நம் பெரியோர் பதினாறு செல்வங்களைத்தான் குறித்தார்கள். அதைப் பிள்ளைகளாக மாற்றிப் பேசுவது மேடைக்கு நன்றாயிருக்கும். கேட்டுப் பெறுபவர் யாருமில்லை.

இந்தியா உச்சத்துக்கு ஏறும் காலத்திலேயே தமிழ்நாடு இறக்கத்தின் வாயிலில் நிற்கும். அறுபது வயது கடந்தவர் 2011-ல் இங்கே நூற்றுக்குப் பத்துப் பேர். 2031-ல் பதினெட்டுப் பேர் இருப்பர் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. பிரான்சு நாட்டில் அறுபத்தைந்து கடந்தவர் நூற்றுக்கு ஏழு என்பது பதினான்காக நூறு ஆண்டுகளுக்குமேல் ஆயின. செல்வம் சேர்க்கவும் முதியோர்க்கு ஓய்வூதியம் அமைக்கவும் அந்நாட்டுக்குக் காலம் இருந்தது. நமக்கு அந்தக் காலம் இல்லை. வயலில் நாற்று நட்டு முதுகு வளைந்த கிழவிக்கு ஓய்வூதியம் என்று கிடைப்பது எவ்வளவு என்று உங்கள் ஊரிலேயே விசாரித்துப் பாருங்கள்.

பள்ளிகளிலும் இது தெரிகிறது. நான் பணியில் சேர்ந்தபோது இரண்டு பிரிவாக இருந்த ஒன்றாம் வகுப்பு, ஓய்வு பெறும்போது ஒரு பிரிவுக்கும் போதாமல் சுருங்கியிருந்தது. இதற்குப் பிறப்புக் குறைவு மட்டும் காரணமன்று; தனியார் பள்ளி வண்டிகள் சிற்றூர் வரை வருகின்றன, குடும்பங்கள் நகரத்துக்குப் பெயர்கின்றன. எனினும் அடிப்படையில் குழந்தைகளே குறைவு.

வயலுக்குப் போனால் இன்னொன்று தெரியும். சில ஆண்டுகளாக நம் பகுதியில் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வரிசை பிடித்து, அவர்கள் மொழியில் பேசிக்கொண்டு, விரைவாக நடுகிறார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களின் ஊருக்கு இன்று ரயிலேறி வருகிறார்கள். அவர்களை ஐயத்தோடு பார்க்கும் கண்களையும் நான் கண்டிருக்கிறேன். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கிய நம்மவரை அன்று எப்படிப் பார்த்தார்களோ!

நாடாளுமன்றத் தொகுதிகளைப் பற்றிய வழக்கும் இதில் உண்டு. 1962 தேர்தலில் 41 ஆக இருந்த நம் மாநிலத் தொகுதிகள் 1967-ல் 39 ஆயின. 1976-ல் வந்த அரசியலமைப்புத் திருத்தம், மாநிலங்களுக்குரிய இடங்களை 1971-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நிறுத்தி வைத்தது. பிள்ளைப்பேற்றைக் குறைத்த மாநிலம் அதனாலேயே குரலை இழக்கக் கூடாது என்பது அதன் கருத்து. 2026-க்குப் பின் எடுக்கும் முதற் கணக்கு வரை அந்நிலையை 84-ஆம் திருத்தம் நீட்டித்தது. அரசியல் மாணவர்கள் இதைத் தனியே படிக்க வேண்டும். இங்கே விரித்தால் நேரம் போதாது.

2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு, கொரோனா நோய் காரணமாகத் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச்சு முதல் நாளை வரம்பாகக் கொண்டு அடுத்த கணக்கு அமையும் என்று அரசு 2025-ல் அறிவித்தது. இம்முறை நான் போகப்போவதில்லை. என்னிடம் படித்த ஓர் ஆசிரியை எங்கள் தெருவுக்கு வரக்கூடும் என்கிறார்கள். அந்தத் திண்ணை வீட்டில் 1991-ல் நான் 11 பேரை எழுதினேன். 2011-ல் 5 பேர். பிள்ளைகள் இருவரில் ஒருவன் சென்னையில் வேலை பார்க்கிறான், மற்றவள் சிங்கப்பூரில். எஞ்சியிருப்பது கணவன், மனைவி, எண்பதைக் கடந்த மாமியார். மூன்று பெயரை எழுத ஆசிரியைக்கு அதிக நேரம் ஆகாது.