தள்ளுவண்டியும் நியூட்டன் விதியும்



ஆசிரியப் பயிற்சியை முடித்துக்கொண்டு, 1984-ஆம் ஆண்டில் நான் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பணியேற்றேன். ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் நியூட்டனின் முதல் இயக்க விதியைக் கரும்பலகையில் எழுதினேன். புறவிசை ஒன்று தாக்காத வரையில், ஓய்விலுள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும். இயங்கும் பொருள் நேர்கோட்டில் மாறாத வேகத்துடன் இயங்கிக்கொண்டே இருக்கும் என்பது அவ்விதி.

பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். நாள்தோறும் விடியற்காலையில் தந்தையாரோடு காய்கறி வண்டியைத் தள்ளிச் சென்றுவிட்டுப் பள்ளிக்கு வருபவன் அவன். "ஐயா, தள்ளுவதை நிறுத்தினால் எங்கள் வண்டி நின்றுவிடுகிறதே! விசையில்லாமல் எப்படி ஓடிக்கொண்டே இருக்கும்?" என்று கேட்டான்.

"புத்தகத்தில் உள்ளபடி எழுது, மதிப்பெண் கிடைக்கும். உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அதன்பின் அவன் என்னிடம் கேள்வியே கேட்கவில்லை.

அவன் கேட்டதில் பிழை யாதுமில்லை. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் அவ்வாறே எண்ணினார். ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் அறிஞர் பெரும்பாலோர் அக்கருத்தையே ஏற்றிருந்தனர். அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடையை இன்று உங்களிடம் சொல்லுகிறேன்.

வீட்டிலுள்ள கேரம் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். பொடி தூவாமல் ஸ்ட்ரைக்கரை மெல்லச் சுண்டுங்கள். சிறிது தொலைவு சென்று நின்றுவிடும். பிறகு பொடியைத் தூவி, அதே வலிவோடு சுண்டுங்கள். முன்னிலும் நெடுந்தொலைவு செல்லும். இரண்டு முறையும், சுண்டியபின் விரல் அதனைத் தொடவேயில்லை. அப்படியானால் மாறியது யாது? பலகையின் உராய்வு ஒன்றே. ஆகவே, விரல் விலகியதனால் அது நிற்கவில்லை. உராய்வு தடுத்ததனால் நின்றது. உராய்வு குறையக் குறைய ஓட்டம் நீளும். உராய்வு அறவே இல்லையென்றால்? சாய்தளங்களில் பந்துகளை உருட்டி ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் கலிலியோ இவ்வழியிலேதான் சிந்தித்தார். நியூட்டன் 1687-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அதனை விதியாக வகுத்தார்.

இனி, தள்ளுவண்டிக்கு வருவோம். அச்சிலும் தரையிலும் எழும் உராய்வு வண்டியைப் பின்னோக்கி இழுக்கிறது. சீரான வேகத்தில் தள்ளும்பொழுது, கையின் விசை அவ்விழுப்புக்குச் சரியாக ஈடுகொடுக்கிறது. அதனால் வேகம் மாறுவதில்லை. கையை எடுத்ததும் உராய்வு மட்டுமே எஞ்சுகிறது, வண்டி நிற்கிறது. விசை வேண்டப்படுவது இயக்கத்திற்கு அன்று. இயக்கத்தில் ஏற்படும் மாற்றத்திற்கே.

இதற்கு வானத்திலும் சான்று உண்டு. 1977-ஆம் ஆண்டில் ஏவப்பட்ட வாயேஜர் 1 என்னும் விண்கலம் விநாடிக்கு ஏறக்குறைய 17 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கிறது. அதனைப் பின்னிருந்து தள்ளும் எஞ்சின் எதுவும் இல்லை. தடுக்கக் காற்றும் அங்கே இல்லை. கதிரவனின் ஈர்ப்பு மட்டும் அதன் வேகத்தை மிகச் சிறிதளவு குறைத்து வருகிறது.

அந்த மாணவன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டான். வறுமைதான் காரணமோ, என் சொல்லும் ஒரு காரணமோ, நான் அறியேன். ஆனால் பணி ஓய்வு பெறும் வரையில் எந்த மாணவரையும் அவ்வாறு நான் உட்கார வைத்ததில்லை.

மாணவர்களே, ஐயம் எழுந்தால் எழுந்து நின்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால், கேரம் பலகையிடமேனும் கேளுங்கள். அது யாரையும் உட்காரச் சொல்வதில்லை.