பிழை தேடப் பழக்கும் ஆட்டம்

மென்பொருள் படிக்கும் மாணவர்களில் பலருக்கு நிரல் எழுதப் பிடிக்கும். எழுதியதைச் சோதிக்கத்தான் பிடிக்காது. தான் எழுதியது ஓடினால் போதும் என்றே யாருக்கும் தோன்றும், அதை உடைத்துப் பார்க்கக் கை வராது. அந்தத் தயக்கத்துக்கு விலை உண்டு. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட், முதல் பயணத்திலேயே, கிளம்பிய ஏறத்தாழ 40 வினாடிகளில் சிதறியது. ஏரியன் 4-க்கு எழுதிய மென்பொருளின் ஒரு பகுதியை அப்படியே இதிலும் வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகத்தில் ஓர் எண் தனக்கு ஒதுக்கிய இடத்தில் அடங்காமல் போயிற்று. புதிய பறக்கும் பாதையை வைத்து அந்தப் பகுதியை முன்பே சோதித்திருந்தால், குறை தரையிலேயே தெரிந்திருக்கும்.

சோதிக்கும் புத்தியை விரிவுரையைவிட ஓர் எதிராளி விரைவாக வளர்ப்பார் என்பது என் கருத்து. கோர்டன் ஃப்ரேசர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய 'கோட் டிஃபெண்டர்ஸ்' என்ற இணைய விளையாட்டை இதற்குச் சான்றாகச் சொல்வேன். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கி, ஜெர்மனியின் பாசௌ பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது அது. ஒரு ஜாவா நிரலைத் தருவார்கள். தாக்கும் அணி அதில் சிறு பிழையைப் புகுத்தும். காக்கும் அணி அதைப் பிடிக்கச் சோதனை எழுதும். 'வயது 18 அல்லது அதற்கு மேல் என்றால் வாக்களிக்கலாம்' என்று நிரலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாக்குபவர் அதை '18-க்கு மேல்' என்று மாற்றிவிடுகிறார். காப்பவர் 10 வயதையும் 25 வயதையும் கொடுத்துப் பார்க்கிறார். இரண்டுக்கும் சரியான விடையே வருகிறது, நிரலின் எல்லா வரிகளும் ஓடியும் விடுகின்றன. ஆனாலும் பிழை தப்பிவிட்டது. சரியாக 18 என்று கொடுத்தவரிடம் மட்டுமே அது சிக்கும். எல்லையில் சோதிக்க வேண்டும் என்று பாடப்புத்தகமும் சொல்கிறதுதான். ஆனால் ஆட்டத்தில் அந்த எல்லையில் புள்ளியை இழந்த மாணவருக்கு அது மறக்காது. இன்னொன்றும் உண்டு. '17-க்கு மேல்' என்று மாற்றினால், முழு எண்களில் அது பழைய விதியேதான். அப்படிச் சந்தேகம் வந்தால் காப்பவர் சவால் விடலாம். வேறுபாட்டைக் காட்டும் ஒரு சோதனையைத் தாக்கியவர் தர வேண்டும், இல்லையேல் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த இரு நிரல்களைக் கொடுத்தாலும் அவை ஒன்றா வேறா என்று தீர்ப்பளிக்கும் பொதுவான வழிமுறை இருக்கவே முடியாது என்பது கணினியியலில் நிறுவப்பட்ட உண்மை. அத்தனை ஆழமான கேள்வியில் இரண்டு மாணவர்கள் வாதாடுகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சாதனையாகப் படுகிறது.

புள்ளிக்காக ஆடுபவர்கள் புள்ளி சேர்க்கும் தந்திரத்தை மட்டும் கற்பார்கள் என்பார்கள். அது நடக்கக்கூடியதே. ஆண்டுக்கணக்கில் ஒரு மென்பொருளைப் பராமரிப்பதையோ வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டறிவதையோ எந்த விளையாட்டும் முழுதாகக் கற்றுத்தராது என்பதையும் மறுக்கவில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில், திட்ட மேலாளராக ஆடிப் பழக 'சிம்எஸ்இ' என்ற விளையாட்டை உருவாக்கியவர்களே, மற்ற கற்பித்தல் முறைகளுக்குத் துணையாக இருக்கும்போதுதான் அது நன்றாகப் பயன்படுகிறது என்று கண்டார்கள். எனவே ஆசிரியரின் இடம் குறைவதில்லை. இந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: வென்ற வரிசையை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். ஆட்டம் முடிந்ததும், யாரிடமும் சிக்காத பிழைகளைத் திரையில் காட்டி, எந்தச் சோதனை அவற்றைப் பிடித்திருக்கும் என்று வகுப்பையே கேளுங்கள்.