கணனிக்குக் கட்டளை வகுத்தோர்



கிளிநொச்சிக்குத் தென்மேற்கே உள்ள அக்கராயன் குளத்தின் கீழ்ச் சிறுபோகம் தொடங்குமுன், கமக்காரரும் அதிகாரிகளும் கூட்டம் கூடுவது வழக்கம். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, அதைக்கொண்டு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், முதல் நீரை எந்நாளில் விடுவது, எந்த வாய்க்காலுக்கு எப்போது முறை என்பனவெல்லாம் துருசு திறக்குமுன்பே தீர்மானிக்கப்பட வேண்டும். துருசு சிந்திப்பதில்லை. திறந்தால் நீரை விடும், அடைத்தால் நிறுத்தும். பயிரைக் காப்பது துருசன்று. அதற்கு முந்திய யோசனையே.

இலத்திரனியல் கணனியும் இத்தகையதுதான். அதற்குள் இருப்பவை மின்னோட்டத்தை விடுவதும் தடுப்பதுமான எண்ணிறந்த சிறு கதவுகளே. அவை எந்த ஒழுங்கிலே திறந்து மூடவேண்டும் என்று முன்கூட்டியே வகுத்துக் கொடுக்கும் கட்டளைத் தொடரைச் செய்நிரல் என்கிறோம். கணனியைக் கட்டியவர்களின் பெயர்களை உலகம் விரைவில் அறிந்துகொண்டது. அதற்குக் கட்டளை வகுத்தவர்களை அறிவதற்கு நெடுங்காலம் சென்றது. அவர்களைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே, ‘கம்ப்யூட்டர்’ என்னும் ஆங்கிலச் சொல் பெரும்பாலும் மனிதரையே குறித்தது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பீரங்கிக் குண்டுகள் செல்லும் பாதையைக் கணித்து அட்டவணை ஆக்குவதற்காக, கணிதம் கற்ற இளம்பெண்கள் பலர் அமர்த்தப்பட்டிருந்தனர். அவர்களுடைய பதவியின் பெயரே ‘கம்ப்யூட்டர்’. ஒரேயொரு குண்டின் பாதையைக் கணித்து முடிக்க, ஒருவருக்கு 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இந்த வேலையை விரைவாக்குவதற்காக, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஜோன் மோக்லி, பிரெஸ்பர் எக்கர்ட் என்னும் இருவர் ‘எனியாக்’ என்ற இயந்திரத்தை அமைத்தனர். பழைய வானொலிப் பெட்டிகளில் நாம் கண்ட வால்வுகளைப் போன்றவை ஏறத்தாழ 18,000 அதில் இருந்தன. அதன் நிறை ஏறத்தாழ 30 தொன். இயந்திரம் உருவாகிவிட்டது, ஆயினும் அதைக் கணக்குச் செய்ய வைப்பது எங்ஙனம்? அந்தப் பொறுப்பு 1945ஆம் ஆண்டில் ஆறு பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கேத்லீன் மக்நல்ட்டி, ஜீன் ஜெனிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்கோப், பிரான்செஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன் என்பன அவர்கள் பெயர்கள்.

கற்பதற்கு அவர்களுக்கு நூல் இல்லை, ஆசிரியரும் இல்லை. போர்க்கால இரகசியம் காரணமாக, தொடக்கத்தில் இயந்திரம் இருந்த அறைக்குள் செல்லவும் அனுமதி இல்லை. வரைபடங்களைப் பார்த்தே அதன் உள்ளமைப்பை அவர்கள் புரிந்துகொண்டனர். பெரிய கணக்கைச் சிறுசிறு படிகளாகப் பிரித்தனர். எந்தப் படி முதலில், எது பின்னர், எதைத் திரும்பத் திரும்பச் செய்வது, எந்நிலையில் நிறுத்துவது என்று தாளிலே வகுத்தனர். அதன் பின்னரே கம்பிகளைச் செருகி, ஆளிகளைத் திருப்பினர். 1946 பெப்ரவரியில் எனியாக் பொதுமக்கள் அறிய இயக்கப்பட்டபோது, ஒரு குண்டு பறந்து இலக்கை அடைய எடுக்கும் நேரத்தினும் குறைந்த நேரத்தில் அதன் பாதையைக் கணித்துக் காட்டியது. பார்த்தவர் வியந்தனர். ஆனால் அக்கணக்கை வகுத்த பெண்களின் பெயர்கள் அங்கு கூறப்படவில்லை. அன்றிரவு நடந்த விருந்துக்கும் அவர்கள் அழைக்கப்படவில்லை. அவர்களுக்குரிய மதிப்பு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தே கிடைத்தது.

எனியாக்கில் ஒரு பெருங்குறை இருந்தது. ஒரு கணக்கை விட்டு வேறொன்றுக்கு மாறவேண்டுமாயின் கம்பிகளையெல்லாம் கழற்றி மீண்டும் செருகவேண்டும். அதற்கு நாட்கணக்காகும். ஒவ்வொரு போகத்துக்கும் பழைய வாய்க்காலைத் தூர்த்துப் புதிய வாய்க்கால் வெட்டுவதைப் போன்றது அது. வாய்க்கால் அப்படியே இருக்க, நீர் விடும் முறையை மட்டும் மாற்றினால் போதாதா? கட்டளைகளையும் எண்களைப் போலவே இயந்திரத்தின் நினைவகத்தில் வைத்துவிடலாம் என்னும் கருத்து இவ்வாறு பிறந்தது. 1948 யூன் 21ஆம் நாள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் அது நடைமுறைக்கு வந்தது. டொம் கில்பர்ன் எழுதிய 17 கட்டளைகள் 52 நிமிடம் ஓடிச் சரியான விடையைத் தந்தன.

அடுத்த ஆண்டு, கேம்பிரிட்ஜில் மொரிஸ் வில்க்ஸ் குழுவினரின் ‘எட்சாக்’ இயங்கத் தொடங்கியது. அங்கே டேவிட் வீலர் என்னும் இளைஞர், ஒருமுறை எழுதிய கட்டளைத் தொகுதியை வேண்டும்போதெல்லாம் வேறு கணக்குகளிலும் எடுத்தாளும் வழியைக் கண்டார். ஒருவர் உழைப்பு அடுத்தவருக்கும் பயன்படும் நிலை இதனால் வந்தது. தம் வாழ்நாளின் நற்பகுதி தாமே செய்த பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்று அக்காலத்தில் உணர்ந்ததாக வில்க்ஸ் பின்னர் எழுதினார். இயந்திரம் நாம் கருதியதைச் செய்யாது. நாம் எழுதியதையே செய்யும். அவர் உணர்ந்த உண்மை இதுதான்.

இக்கலை வளர்ந்ததில் தமிழர் பங்கும் உண்டு. சென்னையிற் பிறந்து கிண்டியிற் பொறியியல் கற்ற இரங்கசாமி நரசிம்மன், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1954ஆம் ஆண்டு ஒரு சிறு குழுவுடன் கணனி அமைக்க முற்பட்டார். குழுவினருட் பெரும்பாலோர் அதற்குமுன் கணனியைப் பயன்படுத்தியவரல்லர். 1960இல் அவர்களுடைய இயந்திரம் முழுமையாகப் பணிக்கு வந்தது. 1962இல் பிரதமர் நேரு அதற்கு ‘டிப்ராக்’ எனப் பெயரிட்டார். அதன் நினைவகம் கொண்டது 2048 சொற்கள். சொல் ஒன்றுக்கு 40 இலக்கங்கள். இன்றைய முறையிற் பதிந்தால் இப்பேச்சு முழுவதும் அதற்குள் அடங்காது. அத்துணைச் சிறிய இடத்துக்குள், பூச்சியமும் ஒன்றுமாகக் கட்டளைகளை எழுதியே ஆராய்ச்சியாளர் தம் கணக்குகளைச் செய்தனர்.

எண்களால் எழுதும் இத்துன்பம் 1957இல் ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து வந்த ‘போர்ட்ரான்’ மொழியாற் பெரிதும் குறைந்தது. கணிதச் சூத்திரத்தைப் போலவே நாம் எழுதலாம்; இயந்திர மொழிக்கு மாற்றும் வேலையை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். 1963இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஒரு கணனி வந்தபோது, ஈரோட்டிற் பிறந்த வைத்தியேசுவரன் இராசாராமன் முதலிய ஆசிரியர்கள் அம்மொழியை மாணவர்களுக்குக் கற்பித்தனர். இராசாராமன் எழுதிய எளிய விலை நூல்கள் வழியாகப் பல தலைமுறையினர் இக்கலையைப் பயின்றனர்.

நேயர்களே, எனியாக் 1955இல் நிறுத்தப்பட்டது. டிப்ராக்கும் 1960களின் நடுப்பகுதியில் ஓய்ந்தது. இயந்திரங்கள் மறைந்தன, கட்டளை வகுக்கும் கலை நிலைத்தது. மழை வருமா என்று கணிக்கும் இன்றைய பெருங்கணனிகளிலும் போர்ட்ரான் இன்னும் வழங்குகிறது.

அக்கராயனிலே கற்கும் ஒரு பிள்ளை, இது பெருநகரத்தாருக்கும் ஆங்கிலம் நன்கறிந்தவருக்குமே உரியது என்று எண்ணவேண்டியதில்லை. எனியாக்கின் அறுவரில் ஒருவரான கேத்லீன் மக்நல்ட்டி, அயர்லாந்தின் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவர். குழந்தையாக அமெரிக்காவில் வந்திறங்கியபோது அவர் அறிந்திருந்தது ஐரிஷ் மொழி ஒன்றே. ஒரு வேலையை முதலிலிருந்து முடிவுவரை, ஒரு படியும் விடாமல் எண்ணிப் பார்க்கும் பொறுமையே இக்கலையின் முதற்பாடம். அப்பாடத்தை எந்த மொழியிலும், எந்த ஊரிலிருந்தும் தொடங்கலாம்.