புகுந்த நாட்டு உடையும் பிறந்த ஊர் வழக்கமும்



பிறந்த ஊரை விட்டு வேற்று நாட்டுக்குச் சென்று வாழ நேரும் ஒருவர், அந்நாட்டின் உடையையும் அன்றாட வழக்கங்களையும் எவ்வளவு ஏற்றுக்கொள்ள வேண்டும்? எவற்றைத் தமக்கே உரியனவாகக் காத்துக்கொள்ள வேண்டும்? இந்த வினாவையே இன்றைய பேச்சின் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாம்பு தின்னும் ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு என்று நம் முன்னோர் ஒரு பழமொழி சொல்லி வைத்தார்கள். கேட்பதற்கு மிக எளிய அறிவுரைதான். ஆனால் அந்த நடுத்துண்டை எடுக்கும்போது கை எவ்வாறு நடுங்கும் என்பது, சென்றவருக்கே தெரியும்.

இவ்வினா வானத்திலிருந்து விழுந்ததன்று. நம்முடைய பரளச்சி வட்டாரத்து மண்ணிலேயே முளைத்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியைக் கண்டவர்கள் அறிவார்கள்: இது வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்தால் பருத்தியும் மிளகாயும் கம்பும் சோளமும் விளையும். பெய்யாவிட்டால் கரிசல் நிலம் பிளந்து கிடக்கும். ஆகவே, பழைய இராமநாதபுரம் மாவட்டத்து மக்கள் பிழைப்பைத் தேடிக் கடல் கடந்தது வியப்பன்று. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களும், மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களும், பர்மாவின் நெல் வயல்களும் அவர்களை அழைத்தன. இவற்றுள் பர்மாவை மட்டும் இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம். உடையையும் வழக்கத்தையும் பற்றிய பாடம் அங்கே தெளிவாகக் கிடைக்கிறது.

இன்று மியான்மர் என வழங்கும் பர்மா, 1937 ஏப்ரல் முதல் நாள் வரையில் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. ஆதலால் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி இரங்கூனில் இறங்குவது, ஆட்சி முறையில் வேற்று நாடு செல்வதாகாது. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது இரங்கூன் நகரத்து மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியராகவே இருந்தனர். ஆயினும், நகரை விட்டு ஐராவதி ஆற்றின் கழிமுகத்து நெல்லூர்களுக்குச் சென்ற தமிழனுக்கு, கண்ணிற் பட்டதெல்லாம் புதுமையே. கரிசலிலே குடத்துத் தண்ணீருக்குக் காத தூரம் நடந்தவன், அங்கே வீட்டு வாசலிலேயே படகு கட்டியிருப்பதைக் கண்டான்.

முதலில் உடையைச் சொல்கிறேன். பர்மியர், ஆணாயினும் பெண்ணாயினும், இடுப்பிலே உடுத்துவது இரு முனைகளும் சேர்த்துத் தைத்த குழாய் போன்ற ஆடை. அதனை லோன்ஜி என்பர். ஆண்கள் அதனை முன்புறத்தில் முடிச்சிடுவர். பெண்கள் ஒரு பக்கமாக மடித்துச் செருகுவர். நம் ஊர் ஆண்களுக்கு இதில் இடர்ப்பாடு மிகுதியாக இல்லை. வேட்டி கட்டிப் பழகிய இடுப்புக்குக் கைலி அந்நியம் அன்று. சேற்று வயலிலும் படகுத் துறையிலும் அது வசதியாகவே இருந்தது. பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பெட்டிகளில் கைலிக்கு என்றும் ஓரிடம் இருந்தது.

பெண்களின் நிலை வேறு. எட்டு முழமும் பதினாறு முழமும் சுற்றி, மாராப்பு இட்டுப் பழகிய ஒரு பெண், குட்டையான மேற்சட்டையும் ஒற்றைச் சுற்று இடுப்பாடையும் அணிந்து வெளியே வருவதென்றால், அவளுக்கு அது உடை மாற்றமாகத் தோன்றாது. தான் வேறொருத்தியாகிவிட்டதாகவே தோன்றும். ஆதலால், பலர் வெளியிற் சேலையும் வீட்டில் பர்மிய உடையுமாக இரண்டையும் வைத்துக்கொண்டனர். அங்கேயே பிறந்த பெண் குழந்தைகளோ லோன்ஜியை இயல்பாகவே உடுத்தினர். ஒரு குடும்பத்திலேயே தாய்க்கும் மகளுக்கும் இடையே ஒரு கடல் இருந்தது என்று சொல்லலாம்.

உடையை உடுத்துவது மட்டும் போதாது; அதனைச் சூழ்ந்த நுண்ணிய வழக்கங்களையும் அறிய வேண்டும். பர்மியரிடையே தலை உயர்ந்தது, கால் தாழ்ந்தது. பெரியவர் தலைக்குமேல் கையை நீட்டிப் பொருளை எடுத்தல் மரியாதைக் குறைவு. பெண்ணின் இடுப்பாடை காயும் கொடியின் கீழே ஆண்மகன் நடந்து செல்லக் கூடாது என்பதும் அவர்களுடைய நம்பிக்கை. எனவே அவ்வாடையைத் தாழ்வான கொடியிலே, ஒதுக்குப்புறமாக உலர்த்துவர். நம் ஊரிலோ துவைத்த சேலையை முற்றத்திலே உயரக் கட்டிய கொடியில் வீசிப் போடுவது வழக்கம். புதிதாகச் சென்ற ஒருத்தி இவ்வாறு செய்தால், அண்டை வீட்டார் முகம் சுளிப்பர். காரணம் அவளுக்குப் புரியாது. தன்னை அவர்கள் வெறுக்கிறார்கள் என்று எண்ணி அவள் கதவை அடைத்துக்கொள்வாள். ஒரு கொடிக்கயிற்றின் உயரம் இரு குடும்பங்களைப் பிரிக்கவும் கூடும். அதை ஒரு முழம் தாழ்த்தினால் சேர்க்கவும் கூடும்.

எல்லாமே மாறுபாடு என்று எண்ண வேண்டா. பர்மியப் பெண்கள் தனகா என்னும் மரத்தின் பட்டையை வட்டக் கல்லில் நீர் விட்டு அரைத்து, கன்னங்களிற் பூசிக்கொள்வர். வெயிலுக்குக் குளிர்ச்சியும் முகத்துக்கு அழகும் தருவது அது. மஞ்சள் அரைத்தும் சந்தனம் இழைத்தும் பழகிய நம் பெண்களுக்கு, அந்தக் கல்லும் அந்தக் கையசைவும் பிறந்த வீட்டையே நினைவூட்டியிருக்கும். ஙப்பி என்னும் மீன் விழுதின் வாடை முதலில் குமட்டினாலும், கருவாட்டுக் குழம்பை விரும்பி உண்ட நாக்கு விரைவில் இணங்கியது. விருந்தினருக்கு ஊறவைத்த தேயிலையை எண்ணெயும் வறுத்த பருப்பும் கூட்டி அளிப்பது அவர்கள் வழக்கம். பகைத்தவர் சமாதானம் ஆகும்போது அதனை உண்பது பண்டைய மரபு. நாம் வெற்றிலை பாக்கு வைப்பதை இங்கே ஒப்பிட்டுப் பாருங்கள். தாயை ‘அமே’ என்றும் தமக்கையை ‘அமா’ என்றும் அவர்கள் அழைப்பதைக் கேட்ட தமிழ்ப் பெண் முதலில் தடுமாறியிருப்பாள், பின்பு சிரித்திருப்பாள்.

செருப்பைப் பற்றியும் ஒரு வரலாறு உண்டு. பர்மியப் பகோடாக்களில் எவரும் காலணியுடன் நுழைதல் ஆகாது. நம்மவர்க்கு அது சொல்லித் தர வேண்டிய பாடமன்று. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவது நம் காலுக்கே தெரியும். ஆனால் ஆட்சி செய்த ஐரோப்பியர் பலர் கழற்ற மறுத்தனர். இதனை எதிர்த்துப் பர்மிய இளைஞர்கள் இயக்கம் நடத்தினர். இறுதியில் 1919ஆம் ஆண்டில், அவ்வவ்விடத்துத் தலைமைத் துறவியே இதனை முடிவு செய்யலாம் என்று அரசாங்கம் இணங்க வேண்டியதாயிற்று. புகுந்த நாட்டின் வழக்கத்தை மதிக்க மறுப்பது சிறு செயல்போலத் தோன்றும். ஒரு நாட்டின் மானம் அதில் அடங்கியிருப்பது பின்னரே விளங்கும்.

இதற்கு மறுதலையான ஒரு காட்சியை நம் மதுரையிலேயே காணலாம். 1921 செப்டம்பர் 22ஆம் நாள், கூர்ச்சர நாட்டில் பிறந்த காந்தியடிகள், மதுரையில் தங்கியிருந்தபோது தம் சட்டையையும் தொப்பியையும் நீக்கி, முழங்கால் அளவு வேட்டியை மேற்கொண்டார். இவ்வறண்ட நாட்டின் ஏழை உழவன் எதை உடுத்தினானோ, அதுவே தமக்கும் போதும் என்றார். வந்தவர் இருப்பவரின் உடையை ஏற்பது, தாழ்வு அன்று. அது ஒரு வகை உறவுரிமை.

ஆயினும் நண்பர்களே, உடையை மாற்றினால் எல்லாம் நேராகிவிடும் என்று உங்களிடம் சொல்லுவேனாயின், வரலாறு என்னை மறுக்கும். நம்மவர் பலர் லோன்ஜி உடுத்தினர், பர்மிய மொழி பேசினர், பர்மியரோடு மணவுறவும் கொண்டனர். என்றாலும், 1930இலும் 1938இலும் இரங்கூனில் இந்தியர்க்கு எதிராகக் கலவரங்கள் மூண்டன. காரணம் உடையில் இல்லை, வயிற்றில் இருந்தது. 1930ஐ ஒட்டி நெல் விலை வீழ்ந்தபோது, கடன் பட்ட பர்மிய உழவரின் நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் செட்டிநாட்டு வட்டிக்கடையினர் வசம் சென்றது. துறைமுகக் கூலி வேலையிலும் போட்டி வளர்ந்தது. வட்டி வாங்கியவரும் நம்மவர்; மூட்டை சுமந்தவரும் நம்மவர். ஆனால் அடி விழுந்தபோது, பெரும்பாலும் சுமந்தவர்மீதே விழுந்தது. உடையில் இணக்கமும் நிலத்தில் பிணக்கும் இருந்தால், உடை தோற்றுப்போகும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

பின்னர் 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது, இலட்சக்கணக்கான இந்தியர் அசாம், மணிப்பூர் மலைகளின் வழியே நடந்து வெளியேறினர். ஆயிரமாயிரவர் வழியிலேயே மாண்டனர். 1962இல் இராணுவ ஆட்சி வந்து, அடுத்த இரண்டாண்டுகளில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது, எஞ்சியவருள் பெருந்தொகையினர் 1964 முதற்கொண்டு கப்பல்களில் தாயகம் திரும்பினர். அவர்களில் லட்சத்துக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கு வந்தனர். சிலர் மீண்டும் பர்மாவுக்கே நடந்து செல்ல முயன்று, மணிப்பூர் எல்லையிலுள்ள மோரேயில் தங்கிவிட்டனர். அவ்வூரில் இன்றும் தமிழ்ச் சங்கம் இருக்கிறது.

திரும்பி வந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர்களின் பிள்ளைகள் பர்மாவில் பிறந்தவர்கள். லோன்ஜியும் தனகாவும் அவர்களுக்குப் பிறந்த வழக்கம். சேலையும் மாராப்பும் புகுந்த வழக்கம். அங்கே ‘கலா’ என்று அயலாராகச் சுட்டப்பட்டவர்கள், இங்கே ‘பர்மாக்காரர்’ என்று சுட்டப்பட்டனர். தாய்மொழி பேசும் ஊரிலேயே அவர்கள் புதியவராக நேர்ந்தது. ஆயினும் மனம் தளராமல் உழைத்தனர். அவர்கள் கொண்டுவந்த ‘அத்தோ’ என்னும் உணவு இன்று சென்னையின் தெருக்களில் எல்லோராலும் விரும்பி உண்ணப்படுகிறது. சென்னைக் கடற்கரையோரத்துப் பர்மா பஜாரின் பெயரும் அவர்களை நினைவூட்டுகிறது.

இனி இக்காலத்துக்கு வருவோம். நம் இளைஞர் இன்று ஆராய்ச்சிக்கும் தொழிலுக்கும் கொரிய நாடு வரையிற் செல்கின்றனர். அங்கே அவர்களுக்கு முன்னரே பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்கள் பலர் மணமகளாகவும் தொழிலாளராகவும் சென்று வாழ்கின்றனர். பிலிப்பைன்ஸில் பெரியவரின் கையைப் பற்றித் தம் நெற்றியில் ஒற்றிக்கொள்வது வணக்கம். கொரியாவில் உடலை வளைத்துத் தாழ்வதே வணக்கம். நம் நாட்டிலோ காலைத் தொட்டு வணங்குகிறோம். உள்ளம் ஒன்று, வடிவம் மூன்று. இவ்வுண்மையை உணர்ந்த பெண்ணுக்கு, புதிய வணக்கத்தைக் கற்பது மானக்கேடாகத் தோன்றாது.

கொரியரிடத்தில் பெரியவர் உண்ணத் தொடங்கிய பின்னரே இளையவர் உண்ணுதல் முறை. பெரியவர்க்கு ஒரு பொருளை இரு கைகளாலும் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் காலணி கூடாது. இவையெல்லாம் பரளச்சிப் பிள்ளைக்கும் பழக்கமானவையே. ஆனால் உலோகக் குச்சிகளால் எடுத்து உண்பதும், வயதுக்கேற்பச் சொல்லின் முடிவையே மாற்றிப் பேசுவதும் பழக வேண்டியவை. அந்நாட்டின் மரபுடையாகிய ஹான்போக்கை, கொரியரே இன்று பெரும்பாலும் புத்தாண்டு, அறுவடைத் திருநாள், திருமணம் ஆகிய நாள்களில்தான் அணிகின்றனர். ஆதலின், மற்ற நாள்களில் அங்குள்ளோர் உடுத்துவதுபோல் ஒழுங்காக உடுத்தினாலே போதும்.

இதில் ஒரு செய்தி முக்கியமானது. வந்தவரே முழுதும் வளைய வேண்டும் என்று கொரிய அரசு விட்டுவிடவில்லை. 2008ஆம் ஆண்டில் பல்பண்பாட்டுக் குடும்பங்களுக்குத் துணைபுரியும் சட்டம் ஒன்றை இயற்றி, வந்த பெண்களுக்கு மொழி கற்பிக்கவும் வழிகாட்டவும் ஏற்பாடு செய்தது. 2012இல் பிலிப்பைன்ஸில் பிறந்த ஜாஸ்மின் லீ என்னும் பெண்மணி அந்நாட்டுத் தேசிய சபையில் உறுப்பினரானார். குறைகள் தீர்ந்துவிட்டன என்பதன்று. கதவு ஒன்று திறந்தது என்பதே இதன் பொருள்.

ஆகவே, வெளிநாடு செல்லக்கூடிய மாணவர்களுக்கு மூன்று செய்திகளைச் சொல்வேன். உடையும் உணவும் வணக்கமும் அந்த ஊரின் மரியாதை மொழி; அதனைத் தயங்காமல் கற்றுக்கொள்ளுங்கள். தாய்மொழியும், நேர்மையும், நம்பிய தெய்வமும் உங்கள் உயிர்ப்பொருள். அவற்றைத் தாராளமாகக் காத்துக்கொள்ளுங்கள். அந்த மண்ணின் ஏழைக்கு உரியதை எடுத்துக்கொண்டு, அவன் உடையை மட்டும் அணியாதீர்கள்.

ஊரிலேயே இருக்கப்போகும் மாணவர்களுக்கு ஒரு செய்தி போதும். இன்று நம் நூற்பாலைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. அவர்களின் பிள்ளை உங்கள் வகுப்பில் வந்து அமரும்போது, அதன் உடையையும் உச்சரிப்பையும் கண்டு சிரிக்காதீர்கள். நம் பாட்டன்மார் இரங்கூனில் இறங்கிய அன்று, அங்கே சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். கொடியைத் தாழ்த்திக் கட்டுமாறு அன்போடு சொல்லிக் கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். நீங்கள் பின்னவரோடு சேருங்கள்.